பாயசம் மறுபடி வருமா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பந்திக்கு உட்கார்ந்ததுமே தெரிந்துவிடும், சமையல்காரர் எந்த ஊரென்று. பொள்ளாச்சிக்காரர் என்றால் இலையில் தண்ணீர் தெளித்த கையோடு ஓரத்தில் ஒரு ஜிலேபி விழும். பாலக்காட்டுக்காரர் என்றால் உப்பேரி, இஞ்சிக்கறி, காளன், ஓலன், எரிசேரி என்று இலை நிறையும். சோற்றில் பருப்பும் நெய்யும் வரும், பிறகு சாம்பார் வரும். அதற்கப்புறம்தான் பிரதமன் என்ற பாயசம் இருக்கும் வாளி பந்தலுக்குள் தலைகாட்டும். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு பஸ் தூரம்தான். ஓர் ஊரில் இனிப்பு வாசலிலேயே நின்று வரவேற்கிறது. மற்ற ஊரில் வந்தவர்களைக் காக்கவைத்துவிட்டு, பெரிய மனிதர் போலத் தாமதமாக வருகிறது.

சின்ன வயதில் நான் அந்த ஜிலேபியைத் தொடமாட்டேன். சோறு, சாம்பார், ரசம், மோர் எல்லாம் முடியட்டும், கடைசி வாய் ஜிலேபியாக இருக்கட்டும் என்பது திட்டம். பக்கத்து இலையில் உட்காரும் மாமன் மகன் நேர்மாறு. உட்கார்ந்த நொடியில் அவன் ஜிலேபி காலி. ஒருமுறை ரசத்துக்காகச் சோற்றில் குழி பறித்துவிட்டு நிமிர்ந்தால், என் இலை ஓரத்தில் வெறும் பாகுதான் மிச்சம். அவன் வாய் அசைந்துகொண்டிருந்தது. அழுதுகொண்டே என் பாட்டி அம்மிச்சியிடம் போனேன். "இனிப்பக் கடசிக்கு வெச்சா காக்கா தூக்கிட்டுப் போயிருமுன்னு சொன்னனில்ல கண்ணு?" என்று சிரித்தாளே தவிர, இன்னொரு ஜிலேபி வாங்கித் தரவில்லை.

பிடித்ததை முதலில் சாப்பிடுவதா, கடைசிக்கு வைப்பதா? விளையாட்டுக் கேள்வி போலத்தான் தெரிகிறது. ஆனால் ஐம்பது அறுபது வருடங்களாக உளவியலாளர்களும் விலங்கியலாளர்களும் மருத்துவர்களும் ஆளுக்கொரு பக்கமாக இதைத் தொட்டிருக்கிறார்கள். நாக்கு ஒரு விடை சொல்கிறது, நினைவு வேறொன்று சொல்கிறது, ரத்தத்தில் ஓடும் சர்க்கரை மூன்றாவதாக ஒன்று சொல்கிறது. அம்மிச்சி சொன்ன காக்கா மட்டும் எல்லா விடையிலும் எங்கோ உட்கார்ந்திருக்கிறது.

அரிசி தேடிய கொம்பன்

முதலில் காட்டைப் பார்ப்போம். இடுக்கி மாவட்டத்தின் சின்னக்கானல் மலையில் இரண்டு ஆண் யானைகளுக்கு மக்கள் வைத்த பெயர் அரிக்கொம்பன், சக்கக்கொம்பன். மலையாளத்தில் அரி என்றால் அரிசி, சக்க என்றால் பலா. தின்னும் பண்டத்தை வைத்தே ஊர் அவற்றை அடையாளம் கண்டது. அரிக்கொம்பன் பன்னியார் எஸ்டேட்டின் ரேஷன் கடையைத் திரும்பத் திரும்ப உடைத்தது. சுற்றிலும் புல்லும் மூங்கிலும் மரப்பட்டையும் கிடக்க, அது நேராக அரிசி மூட்டைக்குத்தான் போனது. 2023 ஏப்ரல் 29 அன்று கேரள வனத்துறை அதைப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டது. ஒரு மாதத்துக்குள் மலை இறங்கித் தேனி மாவட்டத்துக் கம்பம் நகருக்குள்ளேயே வந்துவிட்டது. ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது.

யானைக்கு அரிசி ஏன் இவ்வளவு பிடிக்கிறது? அது தின்னும் புல்லிலும் பட்டையிலும் பாதிகூட உடம்பில் சேர்வதில்லை, மீதி சாணமாகப் போய்விடுகிறது. அதனால்தான் நாளெல்லாம் தின்றுகொண்டே இருக்கவேண்டியிருக்கிறது. அரிசியில் நார் மிகக் குறைவு, பெரும்பாலும் மாவுச்சத்துதான். ஒரு மூட்டை அரிசி கொடுக்கும் சக்தியைக் காட்டில் சேர்க்க மணிக்கணக்கில் மேயவேண்டும். 1966ஆம் ஆண்டில் ராபர்ட் மெக்ஆர்தரும் எரிக் பியான்காவும் முன்வைத்த கணக்கு இதைத்தான் சொன்னது. ஓர் இரையைத் தேடவும் கையாளவும் ஆகும் நேரத்துக்கு எவ்வளவு சக்தி கிடைக்கிறது என்பதுதான் விலங்கின் தேர்வைத் தீர்மானிக்கும். லாபம் அதிகமான பண்டம் கண்ணில் பட்டால் அதை விட்டுவிட்டு மட்டமானதை மேய்வதில் அர்த்தமில்லை.

லாபத்தோடு ஆபத்தும் சேர்ந்தே வரும். ராமன் சுகுமாரும் மாதவ் காட்கிலும் தென்னிந்திய யானைகளைப் பற்றி 1988இல் எழுதிய ஆய்வில், பயிர்களுக்குள் புகுவது பெண் யானைகளைவிட ஆண் யானைகளே மிக அதிகம் என்று காட்டினார்கள். குட்டியோடு இருக்கும் தாய் யானை வேட்டுச் சத்தத்துக்கும் தீப்பந்தத்துக்கும் நடுவே நெல்லைத் தேடிப் போகாது. தனித்துத் திரியும் கொம்பனுக்கோ உடம்பு பெருத்தால்தான் இணை கிடைக்கும். அதனால் துணிந்து போகிறது. ஒரே நெல் வயல், ஒரே பசி. ஆனால் யாருக்கு எது நஷ்டம் என்பதைப் பொறுத்து நடத்தை மாறுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மனிதப் பிள்ளைகளிடமும் இதையே பார்க்கப்போகிறோம்.

கன்னத்தில் ஒரு பை

நெல்லியாம்பதிக்கு ஏறும் சாலையில் நாட்டுக்குரங்கைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். வாழைப்பழம் கிடைத்தால் அது முதலில் மென்று தின்பதில்லை, கன்னத்தில் திணிக்கும். கழுத்துப் பக்கம் இரண்டும் கட்டி போலப் புடைக்கும். பிறகு மரத்தில் ஏறி, யாரும் இல்லாத கிளையில் உட்கார்ந்து, புறங்கையால் கன்னத்தை அழுத்தி, ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தின்னும். சைலண்ட் வேலி, நெல்லியாம்பதி, பரம்பிக்குளம் சோலைகளில் வாழும் சோலைமந்திக்கும் இதே கன்னப்பை உண்டு.

நம் இருபிரிவுக் கேள்விக்குக் குரங்கு கண்ட மூன்றாவது வழி இது. வாயில் போட்டாயிற்று, ஆனால் இன்னும் சாப்பிடவில்லை. முதலிலும் அதுதான், கடைசியிலும் அதுதான். கூட்டத்தில் பெரிய குரங்கு பக்கத்தில் இருந்தால் சின்னக் குரங்கு இன்னும் அவசரமாகப் பையை நிரப்பும்.

அதே மலையில் வாழும் கருமந்திக்குக் கன்னப்பை கிடையாது. அதன் முக்கிய உணவு இலை. இலை எங்கும் இருக்கிறது, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் பிடுங்கவேண்டிய பண்டமல்ல. அதற்கு வேண்டியது செரிக்க நேரமும் இடமும். அதனால் பை கன்னத்தில் இல்லை, அறை அறையாகப் பிரிந்த பெரிய வயிற்றில் இருக்கிறது. பழம் தின்பவருக்குத்தான் பறிபோகும் பயம், தழை தின்பவருக்கு அவசரமில்லை. பந்திக்கு முந்து என்று நம் முன்னோர் சொன்னதும் பழம் தின்பவர் சட்டம்தான். வாளியில் இருப்பது எல்லோருக்கும் காணாது என்ற ஊரில் பிறந்த புத்திமதி அது.

திகட்டல் என்னும் கணக்கர்

காக்காவையும் மாமன் மகனையும் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைப்போம். பறிப்பவர் யாருமில்லை, இலை முழுக்க உங்களுக்கே. அப்போது எந்த வரிசையில் சாப்பிட்டால் நாக்குக்கு அதிக சுகம்?

நாக்கைக் கேட்டால் முதலில் என்றுதான் சொல்லும். பிரெஞ்சு உடலியலாளர் மிஷெல் கபனாக் 1971இல் எழுதிய கட்டுரை ஒன்று இதில் அடித்தளம். வெறும் வயிற்றோடு இருப்பவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் இனிமையாக இருக்கிறது. குளுக்கோஸ் வயிற்றுக்குள் போன பிறகு அதே தண்ணீர் அதே இனிப்போடு வாய்க்கு வந்தால் வெறுப்பாக இருக்கிறது. தண்ணீர் மாறவில்லை, உள்ளே தேவை மாறிவிட்டது. சுகம் என்பது பண்டத்தில் ஒட்டியிருக்கும் குணமல்ல, உடம்பு அந்த நேரத்தில் எழுதும் மதிப்பெண். பசித்த வயிற்றின் முதல் வாய்க்குக் கிடைக்கும் மதிப்பெண் பத்தாவது வாய்க்குக் கிடைக்காது.

பார்பரா ரோல்ஸ், எட்மண்ட் ரோல்ஸ் ஆகியோர் 1980களின் தொடக்கத்தில் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பண்டத்தைப் போதும் போதும் என்கிற அளவு தின்றவர்களுக்கு அந்தப் பண்டத்தின் மேல் ஆசை சரிகிறது. தின்னாத மற்ற பண்டங்களின் மேல் ஆசை அவ்வளவாகக் குறைவதில்லை. வயிறு நிறைவது வேறு, ஒரு சுவை நிறைவது வேறு. நாம் திகட்டிவிட்டது என்கிறோமே, அதுதான். எட்மண்ட் ரோல்ஸ் குழு குரங்கு மூளையில், கண்களுக்கு மேலே உள்ள நெற்றிப் புறணியில், தனித்தனி நரம்பணுக்களைக் கவனித்தது. ஒரு சுவையைத் தெவிட்டும்வரை ஊட்டினால் அதற்குத் துடித்த அணுக்கள் மெல்ல அடங்கின. வேறொரு சுவை வந்ததும் மறுபடி துடித்தன. திகட்டல் என்ற சொல்லுக்கு மண்டையோட்டுக்குள் ஒரு முகவரி உண்டு என்று தெரிந்தது.

இதன் மறுபக்கம்தான் விருந்தின் ரகசியம். 1984இல் வந்த ஆய்வில், நான்கு வெவ்வேறு பண்டங்களை வரிசையாகப் பரிமாறியபோது, ஒரே பண்டத்தை நான்கு தடவை பரிமாறியதைவிட மக்கள் 60 சதவீதம் அதிகம் சாப்பிட்டார்கள். ஓணச் சத்யாவில் இருபதுக்கு மேற்பட்ட கூட்டு வகை இலையைச் சுற்றி நிற்பதை இந்தக் கண்ணோடு பாருங்கள். அங்கே ஒரு சுவை அலுக்கும் முன்பே அடுத்தது கைக்கு வந்துவிடுகிறது.

பாலக்காட்டுப் பந்தியில் பெரியவர்கள் செய்யும் ஒரு வேலையும் இப்போது விளங்கும். மறையூர் வெல்லத்தில் காய்ச்சிய அடைப் பிரதமனை இலையிலேயே ஊற்றி வழித்து உண்பார்கள். இரண்டு வாய்க்கு ஒருமுறை விரல் நுனியில் கொஞ்சம் நாரத்தங்காய் ஊறுகாயையோ இஞ்சிக்கறியையோ தொட்டு நாக்கில் வைப்பார்கள். புளிப்பும் கசப்பும் உறைப்பும் சேர்ந்து வாயை ஒரு துடைப்புத் துடைத்துவிடும். அடுத்த வாய்ப் பிரதமன் முதல் வாய் போலாகிவிடும். நாக்கை ஏமாற்றும் வித்தையை ஆய்வுக்கூடம் வருவதற்கு முன்பே இலையில் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

இதில் அப்பளத்துக்கு மட்டும் சலுகை இல்லை. பொரித்த அப்பளம் மொறுமொறுப்பாக இருப்பது அதில் ஈரம் இல்லாததால். காற்றிலிருக்கும் ஈரத்தையும் சோற்றின் ஆவியையும் உறிஞ்சியதும் அதன் மாவு இளகி, கடித்தால் முறியாமல் வளையும். ஆவணி மாதத்து மழை ஈரத்தில் அதற்கு அதிக நேரம் வேண்டாம். அப்பளப் பிரியர்களுக்குக் கடைசி என்ற விருப்பமே கிடையாது. பருப்பில் நொறுக்கிப் போடுவதுதான் புத்தி.

காத்திருப்பும் கடைசி வாயும்

நாக்கு முதலில் என்று தெளிவாகச் சொல்லும்போது, நான் ஏன் ஜிலேபியை வைத்துக் காத்திருந்தேன்? காரணம், சாப்பாட்டின் சுகம் வாயில் மட்டும் நடப்பதில்லை.

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் லோவென்ஸ்டைன் 1987இல் மாணவர்களிடம் குறும்பாக ஒன்று கேட்டார்: உங்களுக்குப் பிடித்த சினிமா நட்சத்திரத்திடமிருந்து ஒரு முத்தம் கிடைக்கும், உடனே என்றால் எவ்வளவு கொடுப்பீர்கள், மூன்று மணி நேரம் கழித்து என்றால், மூன்று நாள் கழித்து என்றால், பத்து வருடம் கழித்து என்றால்? அதிக விலை கிடைத்தது உடனடி முத்தத்துக்கு அல்ல, மூன்று நாள் கழித்து வரும் முத்தத்துக்கு. அந்த மூன்று நாளும் நினைத்து நினைத்து மகிழலாமே. பத்து வருடம் தள்ளினால் விலை விழுந்துவிட்டது. எதிர்பார்ப்பும் ஒரு பண்டம்தான், அதையும் நாம் தின்கிறோம். ஓரத்தில் ஜிலேபி இருக்கிறது என்ற நினைப்போடு உண்ட ரசச்சோற்றில் எனக்குக் கொஞ்சம் ஜிலேபி கலந்தே இருந்தது.

1993இல் அவரும் டிராசன் பிரெலெக்கும் செய்த ஆய்வு இன்னும் நெருக்கமானது. பிடித்த உணவகத்தில் ஒரு விருந்து மட்டும் என்றால் பெரும்பாலோர் சீக்கிரம் கிடைப்பதையே கேட்டார்கள். இரண்டு விருந்து, ஒன்று மிகப் பிடித்தது, மற்றது சுமார் என்று வரிசையாக முன்வைத்ததும், பாதிக்கு மேற்பட்டவர்கள் சுமாரானதை முதலிலும் பிடித்ததைப் பிறகும் வைத்துக்கொண்டார்கள். தனியாக இருக்கும் பண்டத்துக்கு நமக்கு அவசரம். வரிசையாக வந்தாலோ ஏறுமுகம் வேண்டும் என்கிறோம், மேலே போய் முடியவேண்டும் என்கிறோம்.

முடிவுக்கு மனம் கொடுக்கும் மதிப்பை டேனியல் கானமன் குழு அதே 1993இல் குளிர்ந்த தண்ணீரில் சோதித்தது. 14 டிகிரி தண்ணீரில் 60 நொடி கையை வைக்கவேண்டும். இன்னொரு தடவை அதே 60 நொடி, அதோடு கூடுதலாக 30 நொடி, அந்த நேரத்தில் தண்ணீர் ஒரு டிகிரி மட்டும் மெல்லச் சூடாகும். மொத்த வேதனை இரண்டாவதில்தான் அதிகம். இருந்தாலும் மறுபடி எது வேண்டும் என்றபோது பெரும்பாலோர் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். மனம் கூட்டிக் கழித்துக் கணக்குப் பார்ப்பதில்லை. உச்சத்தையும் முடிவையும் மட்டும் படம் பிடித்து வைத்துக்கொள்கிறது.

அப்படியென்றால் ஜிலேபியைக் கடைசியில் வைத்தால் விருந்தே இனித்ததாக நினைவிருக்குமா? அவ்வளவு சுலபமில்லை. பால் ரோசின் உள்ளிட்டோர் 2007இல் சாப்பாட்டை வைத்தே இதைச் சோதித்தார்கள். கடைசியில் எது வந்தது என்பது முழுச் சாப்பாட்டின் நினைவை மிகக் குறைவாகத்தான் பாதித்தது. விருந்து குளிர்ந்த தண்ணீர் அல்ல. அதில் மணம், பேச்சு, பக்கத்து இலைக்காரர் எல்லாம் உண்டு.

ஒரே பண்டத்தை அளவு தெரியாமல் தின்றால் மட்டும் கடைசி வாய் பழிவாங்கும். எமிலி கார்பின்ஸ்கி குழுவின் 2014 ஆய்வில், பெரிய பொட்டலம் தின்றவர்களுக்கு நினைவில் நின்றது திகட்டிய கடைசி வாய்தான், ருசித்த முதல் வாயல்ல. அதனால் அந்தப் பண்டத்தை மறுபடி கேட்கவே அவர்களுக்கு அதிக நாள் ஆனது. நான்காவது கரண்டிப் பிரதமனை வற்புறுத்தி ஊற்றும் அன்பர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

கடைசி என்ற சொல்லுக்கே ஒரு ருசி இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். 2012இல் எட் ஓ'பிரையனும் ஃபீபி எல்ஸ்வொர்த்தும் மாணவர்களுக்கு ஐந்து சாக்லேட்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தார்கள். பாதிப் பேரிடம் ஐந்தாவதைக் கொடுக்கும்போது, இதுதான் கடைசி என்றார்கள். மீதிப் பேரிடம், இதோ அடுத்தது என்றார்கள். முதல் கூட்டத்தில் 64 சதவீதம் பேருக்கு ஐந்தாவதே மிகவும் பிடித்தது. இரண்டாவது கூட்டத்தில் 22 சதவீதம் பேருக்கு மட்டும்தான். இனி வராது என்று தெரிந்தால் நாக்கு கூர்மையாகிறது.

காத்திருந்த பிள்ளை யார்?

பிடித்ததை ஒத்திப்போடுபவர் கட்டுப்பாடு உள்ளவர், உடனே தின்பவர் அவசரக்காரர் என்று ஒரு தீர்ப்பு ஊரில் உலவுகிறது. இதற்கு வேர், ஸ்டான்ஃபோர்டின் பிங் மழலையர் பள்ளியில் வால்டர் மிஷெல் 1960களின் கடைசியில் தொடங்கிய சோதனை. மேசையில் ஒரு மார்ஷ்மெலோ மிட்டாய். உடனே தின்னலாம், அல்லது பெரியவர் திரும்பி வரும்வரை பொறுத்தால் இரண்டாகக் கிடைக்கும். பொறுத்த பிள்ளைகள் பின்னாளில் படிப்பில் சிறந்தார்கள் என்ற செய்தி உலகம் சுற்றியது. 2018இல் டைலர் வாட்ஸ் குழு 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவை வைத்து மறுபடி பார்த்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பில் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது. பொறுமை என்று நினைத்ததில் பெரும்பகுதி வீட்டு நிலைமை.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது 2013இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் செய்த சிறிய சோதனை. 28 பிள்ளைகள். மிட்டாய்க்கு முன்னால் படம் வரையச் சொன்னார்கள். நல்ல கிரேயான் கொண்டு வருகிறேன் என்று பெரியவர் சொல்லிவிட்டுப் போனார். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டு வந்தார். மீதிப் பேரிடம், மன்னிச்சிரு, இல்லையாம் என்று வெறுங்கையோடு வந்தார். பிறகு மிட்டாய்ச் சோதனை. சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். முழு 15 நிமிடமும் பொறுத்தவர்கள் முதல் கூட்டத்தில் 14க்கு 9 பேர், இரண்டாவதில் 14க்கு ஒருவர்.

உடனே தின்ற பிள்ளைக்குக் கட்டுப்பாடு இல்லாமலில்லை. அது சரியாகவே கணக்குப் போட்டது: இந்த ஆள் சொன்னால் வராது. யானைக்கும் குரங்குக்கும் பார்த்த அதே கணக்கு. மூணாறு, பீர்மேடு எஸ்டேட் லயங்களில் ஒரு அறை, ஒரு அடுப்பு, ஐந்தாறு வயிறு என்று வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் கிடைத்த ஒரே கறித்துண்டைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைக்கும் தைரியம் எல்லாப் பிள்ளைக்கும் வராது. ஒன்று அது வீட்டின் செல்லமாக இருக்கவேண்டும், அல்லது அண்ணன்மார் இல்லாததாக இருக்கவேண்டும். தட்டில் கடைசிவரை கிடக்கும் கறித்துண்டு அந்த வீட்டின் நிலைமையைச் சொல்லிவிடும்.

பழக்கமும் இதில் சேர்கிறது. 2022இல் வெளியான ஓர் ஆய்வில் ஜப்பானின் கியோட்டோப் பிள்ளைகள் உணவுக்காக நெடுநேரம் பொறுத்தார்கள். அமெரிக்காவின் போல்டர் நகரப் பிள்ளைகள் பரிசுப் பொட்டலத்தைப் பிரிக்கத்தான் நெடுநேரம் பொறுத்தார்கள். ஜப்பானில் எல்லோருக்கும் பரிமாறிய பிறகே சாப்பிடத் தொடங்குவது வழக்கம். அமெரிக்காவில் பரிசைக் காத்திருந்து பிரிப்பது வழக்கம். எதற்காகக் காத்திருந்து பழகினோமோ அதற்காகத்தான் பொறுமை வருகிறது. நம் பந்தியிலும் வரிசை முழுக்க இலை நிறையும்வரை கை வைக்காமல் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளைகள் உண்டு. அவர்களை மிட்டாய்க்கு முன்னால் உட்காரவைத்துப் பார்க்கவேண்டும்.

ஆசாரக்கோவையும் ரத்தச் சர்க்கரையும்

தமிழில் இந்தக் கேள்விக்கு எழுதிவைத்த விடையே இருக்கிறது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் ஒன்றான ஆசாரக்கோவையில் பெருவாயின் முள்ளியார் உண்ணும் வரிசையைச் சொல்கிறார். இனிப்பானவற்றை முதலில் உண்ணவேண்டும், கசப்பானவற்றைக் கடைசியில், மற்றவற்றை இரண்டுக்கும் நடுவில். சுசுருத சங்கிதையும் இனிப்பை முதலில்தான் வைக்கிறது. கபனாக் சொன்ன பசித்த நாக்கோடு இது பொருந்திப்போகிறது. ஐரோப்பிய மேசையிலும் ஆதியில் இனிப்பும் உவர்ப்பும் கலந்தே வந்தன. இனிப்பைக் கடைசிக்குத் தள்ளியது பின்னாளைய வழக்கம். டெசர்ட் என்ற சொல்லுக்கே பிரெஞ்சு மொழியில் மேசையைக் காலி செய்வது என்றுதான் வேர்ப்பொருள்.

ஆனால் ஆசாரக்கோவைக் காலத்து உழைப்பும் இன்றைய நாற்காலி உத்தியோகமும் ஒன்றல்ல. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். இண்டியாப் (INDIAB) ஆய்வின்படி கேரளத்தில் 20 வயதைத் தாண்டியவர்களில் 25.5 சதவீதம் பேருக்கு நீரிழிவு, அதாவது நாலில் ஒருவர். பந்தியில் நான்கு இலை தாண்டினால் ஒரு நீரிழிவுக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இலைக்கு வரிசை முக்கியம். நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015இல் 11 நீரிழிவு நோயாளிகளுக்கு ஒரே உணவை இரண்டு வரிசையில் கொடுத்துப் பார்த்தார்கள். ரொட்டியையும் பழச்சாற்றையும் முதலில் கொடுத்ததைவிட, காய்கறியையும் புரதத்தையும் முதலில் கொடுத்து மாவுப்பொருளைப் பிறகு கொடுத்தபோது, ரத்தச் சர்க்கரை அரை மணியில் சுமார் 29 சதவீதம், ஒரு மணியில் 37 சதவீதம், இரண்டு மணியில் 17 சதவீதம் குறைவாக இருந்தது. அதே தட்டு, அதே அளவு. நாரும் புரதமும் முன்னே போனால் இரைப்பை மெல்லக் காலியாகிறது, குடல் ஹார்மோன்கள் இன்சுலினை முன்கூட்டியே எழுப்பிவிடுகின்றன, சர்க்கரை ஒரேயடியாக ரத்தத்தில் கொட்டுவதில்லை.

வெறும் வயிற்றில் ஜிலேபி என்ற பொள்ளாச்சி வரிசையைவிட, கூட்டு வகைகளும் பருப்பும் நெய்யும் போன பிறகு பிரதமன் என்ற பாலக்காட்டு வரிசை இந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலாம். அதற்காக நாலு கரண்டிக்கு அனுமதி கிடைத்துவிட்டதாக நினைக்கவேண்டாம். சோறும் வெல்லமும் சேர்ந்தால் வரிசை மட்டும் காப்பாற்றாது. அளவுதான் முதல் மருந்து, வரிசை அதற்குத் துணை.

வாளி திரும்பி வரும் ஓசை

இவ்வளவையும் படித்த பிறகு நான் மறுபடி பந்தியைப் பார்க்கும்போது, பழைய கேள்வியே கொஞ்சம் தவறாகக் கேட்கப்பட்டதோ என்று தோன்றுகிறது. தனித்தட்டில் சாப்பிடுபவருக்குத்தான் முதலா கடைசியா என்ற தவிப்பு. அவர் பங்கு அவ்வளவுதான், தின்றால் தீர்ந்தது, வைத்தால் பறிபோகலாம். பாலக்காட்டுப் பந்தியில் பிரதமன் இலையில் இல்லவே இல்லை. அது வாளியில், வேறொருவர் கையில் இருக்கிறது. முந்தித் தின்னவும் முடியாது, பதுக்கவும் முடியாது. வரிசையில் இருக்கும் ஐம்பது பேருக்கும் ஒரே நேரத்தில் வரும். எதிர்பார்ப்பின் சுகம் எல்லோருக்கும் கிடைக்கிறது, காக்காவுக்கு வேலையில்லை. கடைசியில் மோர் வந்து வாயைக் கழுவி, முடிவு இனிப்பா கசப்பா என்ற வழக்கையும் தள்ளுபடி செய்துவிடுகிறது.

இந்த ஏற்பாடு முழுக்க ஒரே ஒரு ஆணியில் தொங்குகிறது: வாளி நம் இலைவரை வரும், தீர்ந்துபோகாது என்ற நம்பிக்கை. ராச்செஸ்டரில் கிரேயான் கொண்டு வந்த பெரியவருக்கு இருந்த வேலைதான் பந்தி விசாரிப்பவருக்கும். அதனால்தான் பிரதமன் பாதி வரிசையில் தீர்ந்துபோன கல்யாணத்தைப் பத்து வருடம் கழித்தும் ஊர் பேசுகிறது.

போன மாசிக் கல்யாணத்தில் மாமன் மகன் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்தான். தலை நரைத்துவிட்டது, டாக்டர் சர்க்கரையைக் கண்டுபிடித்துவிட்டார். ஓரத்தில் விழுந்த ஜிலேபியை அவன் உடனே எடுத்து, இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை என் இலையில் வைத்தான்.

"அன்னைக்கு எடுத்ததுக்கு" என்றான்.

"வட்டி எங்கடா?" என்றேன்.

அம்மிச்சி இல்லை, காக்காவைப் பற்றிச் சொல்ல யாரும் இல்லை. அந்தப் பாதியை நான் கடைசிக்கு வைக்கவில்லை.